கோட்டிப் பெட்டி

வீரவநல்லூர். ராத்திரி ஏழே முக்கால்.
முப்பத்திரண்டு வீட்டுக்கு ஒரே இழை,
தலைமயிர் தடிமனில் கண்ணாடி.
முப்பத்திரண்டும் ஒரே நேரத்தில் செத்துப்போச்சு.

கம்பத்தில் நான். ஏணியடியில் மாசானம்.
காதுக்கும் தோளுக்கும் நடுவே போன்.
அந்தப் பக்கம் அம்பாசமுத்திரம் எக்ஸ்சேஞ்சில் எப்சிபா:
"இழை அறுந்திருக்காது.
வெளிச்சம் வருது. நிறையவே வருது.
சொல்லுதான் ஒண்ணும் வரல."

கீழே நாலஞ்சு பேர் கூடியாச்சு.
தறிக்கார வீட்டுப் பெண்ணுக்கு
எட்டு மணிக்கு இன்டர்வியூ,
சட்டைக்குக் கீழே பாவாடையோடு வந்து நிற்கிறாள்.

இங்கே பேச்சுக்கு முறை உண்டு.
மேலிருந்து வருவது எல்லா வீட்டுக்கும் வரும்,
அவரவர் பெயர் போட்டதை அவரவர் பிரித்துக்கொள்வார்கள்.
திரும்பிப் போவதுதான் பாடு.
நொடிக்கு எட்டாயிரம் தடவை எக்ஸ்சேஞ்ச் கேட்கும்:
யாருக்கு என்ன சொல்ல இருக்கு?
இருப்பவனுக்கு ஒரு துளி நேரம்,
நிறைய இருப்பவனுக்கு இன்னும் ரெண்டு துளி,
இல்லாதவனுக்கும்
இல்லை என்று சொல்ல ஓர் இடம்.
துளிக்கும் துளிக்கும் நடுவில்
ஊசி நுழையாத ஒரு சும்மா.
அந்தச் சும்மாவில்தான் எல்லாம் நிற்கிறது.

தூரத்து வீட்டின் சொல் வந்து சேர நேரமாகும்.
அதனால் பக்கத்து வீட்டிடம்
பைய, கொஞ்சம் பொறுத்துப் பேசு என்று
முதல் நாளே அளந்து சொல்லியிருக்கும்.
கம்பத்தடி வீடும்
கால்வாய்க்கு அந்தக் கரை வீடும்
எக்ஸ்சேஞ்சின் காதுக்கு ஒரே தூரம்.

கன்னடியன் கால்ல முறைவச்சுப் பாய்ச்சுத மாதிரி
என்றேன் ஒருநாள்.
எப்சிபா ஒத்துக்கொள்ளவில்லை.
"மடைய அடைச்சா தண்ணி தேங்கி நிக்கும் அண்ணாச்சி.
இங்க வெளிச்சம் தீராது, தீருறது நேரம்.
அது யாரும் பேசலன்னாலும் போயிரும்."

இன்றைக்கு எவனோ ஒருத்தன்
முறை பார்க்காமல்
மூச்சு விடாமல் பேசுகிறான்.
கம்பெனிப் புத்தகத்தில் இதற்கு நீளமாக ஒரு பெயர்.
எங்களுக்குக் கோட்டிப் பெட்டி.

ஒன்றை உருவினேன். "இல்ல." செருகினேன்.
இரண்டு. "இல்ல."
ஆறு, ஏழு.
விட்டில் ஒன்று நெற்றி விளக்கில் முட்டி முட்டி விழுந்தது.
பதினொன்றில்
நானும் அவளும் ஒன்றாகப் பேச ஆரம்பித்தோம்,
ஒன்றாக நிறுத்தினோம்.
"சொல்லுங்க."
"சொல்லு."
மறுபடியும் மோதல்.
பிறகு அவள்
நான் பொறுத்ததைவிட ஒரு மூச்சு கூடுதலாகப் பொறுத்தாள்.
அந்த இடைவெளியில் என் சொல் போய்விட்டது:
"பதினொண்ணு?"
"இல்ல."

இருபத்திமூன்றை உருவினேன்.
எப்சிபா பதில் சொல்லவில்லை.
தெரு சொன்னது.
ஜன்னல் ஜன்னலாகச் சிவப்பு போய்ப் பச்சை,
கடைக்குள் ஸ்பீக்கர்
முப்பத்தைந்து ரூபாய் பெறப்பட்டது
நூற்றுப்பத்து ரூபாய் பெறப்பட்டது என்று
வரிசையில் நின்றதையெல்லாம் ஒப்பித்தது.
தறிக்கார வீட்டுப் பெண் ஓடினாள்.

மாசானம் டார்ச் அடித்துச் சீட்டைப் பார்த்தான்.
"சங்கரகோமதி டீச்சர் வீடு.
மகன்கூட மஸ்கட் போயிருக்காவ, எட்டு மாசம்.
மெயின அணைக்க மறந்துட்டாவ போல."

பூட்டின வீடு.
உள்ளே ஆளில்லை, பல்லி இருக்கலாம்.
ஒரு சொல்லும் ஏறாத வெறும் வெளிச்சம்
இவ்வளவு நேரம்
முப்பத்தோரு வீட்டு வாயை அடைத்திருக்கிறது.

"எப்சிபா, லைன்ல இருக்கியா?"
"இருக்கேன்."
அப்புறம் கொஞ்ச நேரம்
ரெண்டு பேரும் எதுவும் சொல்லவில்லை.
போனையும் வைக்கவில்லை.

உருவிய நுனியில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது,
கண் வைத்துப் பார்க்கவும் கூடாது.
ரப்பர் மூடியைப் போட்டு
"23, டீச்சர் வந்ததும்" என்று எழுதி ஒட்டினேன்.

மூடிக்குள்ளே
அது இப்போதும் பேசிக்கொண்டுதான் இருக்கும்.